நட்சத்திரம் மட்டும் போதுமாம்

கொரியாவிலிருந்து மெயில் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், ஆரோக்கியராஜ் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிடுவான். நாலு மாதமாக ஒரே ஒரு டி-ஷர்ட்டுக்கு அந்த ஆட்கள் எட்டு முறை மனம் மாறியிருந்தார்கள். முதலில் சிவப்பு என்றார்கள். சிவப்பில் அனுப்பினால், இது மிளகாய்ச் சிவப்பு, எங்களுக்கு வேண்டியது மாதுளைச் சிவப்பு என்றார்கள். மாதுளையை அனுப்பினால் கழுத்துப் பட்டை கால் இஞ்ச் அகலம் கூடிவிட்டது என்றார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை நொட்டை சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்வார்கள்.

திருப்பூர் வேலம்பாளையத்தில் வடிவேல் நிட்ஸ் என்ற பனியன் கம்பெனியில் பிரிண்டிங் பகுதிக்கு ஆரோக்கியராஜ்தான் பொறுப்பு. ஆறு நீள மேசைகள், பன்னிரண்டு ஆட்கள், மூக்கை விட்டு என்றைக்கும் போகாத மை வாசம். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து தொண்ணூற்று ஒன்றில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவன். அந்தக் கடற்கரையில் பிள்ளைகள் நடக்கப் பழகுவதே பந்தை உதைக்கத்தான். திருப்பூருக்கு வந்தும் அவன் காலுக்கு அந்த அரிப்பு நிற்கவில்லை. தொண்ணூற்று ஏழில் பனியன் கம்பெனி ஆட்களைத் திரட்டி ஒரு அணி சேர்த்தான். ஜெபம் செய்கிறவனும் இருந்தான், திருநீறு பூசுகிறவனும் இருந்தான், இரண்டுமில்லாமல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை தூங்குகிறவனும் இருந்தான். எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று வேலம்பாளையம் லெவன்ஸ் என்று பெயர் வைத்தான்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். மூன்று வருடம் அப்படித்தான் இருந்தார்கள். முதல் கோப்பையைக்கூட அந்தப் பெயரில்தான் வாங்கினார்கள். இரண்டாயிரத்தில்தான் வினை வந்தது. அவர்கள் வருடாவருடம் ஆடும் டிசம்பர் கோப்பைக்குப் பெயர் பதிய வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கம்பெனி முத்திரை வேண்டும் என்று போட்டிக் கமிட்டி புதிதாக ஒரு விதி போட்டது. ஆரோக்கியராஜ் முதலாளி சண்முகவேலிடம் போய் நின்றான். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார், பதினாலு ஜெர்சியும் அடித்துக்கொள்ளச் சொன்னார். ஜெர்சியில் நெஞ்சு அகலத்துக்கு வடிவேல் நிட்ஸ் எஃப்.சி. என்று வந்தது. வேலம்பாளையம் என்பது கீழே சின்ன எழுத்தில் ஒடுங்கியது, அடுத்த வருடம் அதுவும் இல்லை. ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்த கதைதான். ஆனால் அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. புது ஜெர்சி, ஓசி ஜெர்சி. அதற்குப் பிறகு இரண்டு கோப்பை வாங்கினார்கள். மூன்று கோப்பையும் முதலாளி அறையில், முருகன் படத்துக்குக் கீழே கண்ணாடி அலமாரியில் நின்றன.

சண்முகவேல் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஆரோக்கியராஜுக்கு இத்தனை சிரமம் இருந்திருக்காது, நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பான். அவர் யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். இல்லை என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டவர் திருப்பூரில் கிடையாது. பிரச்சினையே அதுதான்.

இரண்டாயிரத்து ஆறில் அவர் ஊரை விட்டு வெகுதூரம் தள்ளி, குண்டடத்துப் பக்கம் மூன்று ஏக்கர் வாங்கிப் புது யூனிட் கட்டினார். தையல் பகுதி மொத்தமும் அங்கே போகிறது, பிரிண்டிங் மட்டும் இங்கேயே இருக்கும் என்று முடிவானது. அணியில் பத்துப் பேர் தையல் ஆட்கள். பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தையும் அட்வான்ஸ் கொடுத்த வாடகை வீட்டையும் விட்டுவிட்டுக் குண்டடம் போக அவர்கள் தயாரில்லை. வேலம்பாளையத்தில் கம்பெனிக்கா பஞ்சம்? ஆளுக்கொரு பக்கம் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக ஆடலாம். அதற்கு ஒரே ஒரு கடிதம் வேண்டும். இந்த அணி இனிமேல் கம்பெனி அணி இல்லை, வேலம்பாளையம் லெவன்ஸ் என்ற பழைய பெயரிலேயே ஆடட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று முதலாளி எழுதித் தர வேண்டும். இப்போது எந்த முத்திரையும் வேண்டாம், பழைய கம்பெனியின் கடிதம் இருந்தால் போதும் என்று கமிட்டி இறங்கி வந்திருந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிற கூட்டம் கிளம்புமுன், அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமைக்குள் பதிய வேண்டும்.

"மொதலாளி, அந்த லெட்டரு..." என்று ஆரோக்கியராஜ் ஆவணி மாதமே ஆரம்பித்துவிட்டான்.

"ஆகட்டுங்க ஆரோக்கியம். அதுக்கென்னங்க, பாத்துக்கலாம்" என்றார் சண்முகவேல். "ஏனுங்க, எல்லாரும் குண்டடத்துக்கே வந்துட்டா என்னுங்க? மூணு ஏக்கரா கெடக்குது. எத்தனை பந்து வேணும்னாலும் ஒதைக்கலாம்."

"பயலுவளுக்குப் புள்ளகுட்டி இங்கனதான படிக்கி, மொதலாளி."

"அதுவுஞ் செரிதானுங்க. பாத்துக்கலாம், பாத்துக்கலாம்."

பார்த்துக்கொண்டே இருந்தார். ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது.

இந்த நேரத்தில்தான் கொரியாக்காரர்கள் முதுகில் அடிக்க வேண்டிய டிசைனை அனுப்பினார்கள். வெள்ளை நிறத்தில் கொரிய எழுத்தில் ஆறு வரி, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு வருடம். நெஞ்சில் நாரை படம் போட்ட சின்னம், அதற்கு மேல் மூன்று மஞ்சள் நட்சத்திரம். ஆர்டர்களைக் கவனித்துக்கொண்ட கிருத்திகா, சண்முகவேலின் அக்கா மகள், அந்த மெயிலை அச்செடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"ஆரோக்கியண்ணா, இது ஒரு ஃபுட்பால் கிளப்போட வரலாறுங்ணா. உங்களுக்குப் புடிக்குமேன்னு இங்கிலீசுல என்னன்னு கேட்டு வாங்குனேன்."

அவள் வாசிக்க, ஆரோக்கியராஜ் மை இழுக்கும் ரப்பர் கட்டையைக் கையில் பிடித்தபடி கேட்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலில் ஹேசோங் என்ற துறைமுக ஊரில் ஒரு மாவு மில் கம்பெனி இந்த அணியைத் தொடங்கியது. தொண்ணூற்று ஒன்றில் மில் கைமாறி ஒரு சிமென்ட் கம்பெனியிடம் போனது, அணியின் பெயரும் மாறியது. தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று எட்டு, இரண்டாயிரத்து மூன்று என்று மூன்று முறை நாட்டிலேயே முதலிடம். நெஞ்சில் இருக்கிற மூன்று நட்சத்திரம் அந்த மூன்று வெற்றிதான். கடைசி வரியில், இரண்டாயிரத்து ஆறில் அணி நாம்வோல் என்ற ஊருக்கு இடம் மாறியது என்றிருந்தது.

"எடம் மாறிச்சா? டீம் எப்டி மேடம் எடம் மாறும்?"

"அந்தக் கம்பெனி புது ஊர்ல பெருசா கட்டிட்டாங்களாமா. டீமையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. முந்நூறு கிலோமீட்டருங்ணா."

"அப்ப பழைய ஊர்க்காரன்?"

கிருத்திகா தாளைத் திருப்பிப் பார்த்தாள். "அதெல்லாம் இதுல போடலீங்ணா" என்றாள்.

அன்று முழுக்க ஆரோக்கியராஜுக்கு அந்த ஹேசோங் நினைப்பாகவே இருந்தது. எங்கே இருக்கிறதென்றே தெரியாத ஊர். இருபத்திரண்டு வருடம் ஞாயிறோ சனியோ மைதானத்துக்குப் போய்த் தொண்டை கிழியக் கத்தியவன் ஒரு நாள் போய்ப் பார்க்கிறான், கேட் பூட்டியிருக்கிறது. அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று துணியைப் பரப்பும் ராக்கையாவிடம் இதைச் சொன்னான். ராக்கையா அணியின் கோல் கீப்பர், ராமநாதபுரத்துக்காரன், ஆறடி ஆள்.

"நமக்கும் அதாண்ணே நடக்கப்போகுது" என்றான் ராக்கையா. "லெட்டர் வந்துச்சா?"

"ஏல, வாயக் கழுவு" என்றான் ஆரோக்கியராஜ்.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைதான் ஸ்கிரீன், எழுத்து இருக்கிற இடத்தில் மட்டும் மை கீழே இறங்கும். அந்த ஸ்கிரீன் தயாராகி, மாதிரி போய், ஒப்புதல் வந்து, மூவாயிரம் சட்டையில் முந்நூறு அடித்து முடித்தபோது ஒன்பதாவது முறையாக மனம் மாறி மெயில் வந்தது. ஆயுதபூஜைக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம். ஸ்கிரீன்களைக் கழுவிப் பூஜைக்காகச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். கிருத்திகா வந்த முகத்தைப் பார்த்ததுமே ஆரோக்கியராஜுக்குத் தெரிந்துவிட்டது.

"மேல இருக்கற அஞ்சு வரியும் வேண்டாங்கறாங்ணா. பழைய ஊர் பேரு எங்கயும் வரக்கூடாதாம். ரெண்டாயிரத்தாறுன்னு ஆரம்பிக்கற கடைசி வரி மட்டும் போதுமாம். அடிச்ச முந்நூறையும் வெட்டிப் போடச் சொல்லீட்டாங்க."

"அப்ப நெஞ்சுல இருக்க மூணு நட்சத்திரம்?"

"அது இருக்கட்டுமாம்."

ஆரோக்கியராஜுக்குக் காது சூடாகிவிட்டது. "அதெப்படி? ஊரு வேண்டாம், நட்சத்திரம் மட்டும் போதுமாக்கும்? அந்த மூணையும் எவன் ஊர்ல வச்சு வாங்குனாவ? நேத்திக்குப் போய் எறங்குன ஊர்லயா?"

"என்னைத் திட்டி என்னங்ணா பிரயோசனம்?" என்றாள் கிருத்திகா பாவமாக.

எய்தவன் எங்கேயோ இருக்க அம்பை நோவானேன். கோபத்தை மென்று விழுங்கிவிட்டு அடுத்த வேலையை யோசித்தான். புது ஸ்கிரீனில் எழுத்தைப் பதிக்கப் புது ஃபிலிம் வேண்டும். ஃபிலிம் போடுகிற கடைக்காரர் பூஜை விடுமுறைக்குக் குடும்பத்தோடு பழனி போய்விட்டார், புதன்கிழமைதான் வருவார். பெட்டிகள் புதன்கிழமையே தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். கொரியாவிலிருந்து இன்ஸ்பெக்டர் செவ்வாய்க்கிழமை வருகிறார். பழைய ஸ்கிரீனிலேயே வேண்டாத வரிகளுக்கு அடியில் பிரவுன் டேப் ஒட்டி மறைப்பதைத் தவிர வழியில்லை. திருப்பூரில் எல்லாரும் செய்கிற வேலைதான். ஆனால் டேப் முந்நூறு இழுப்புக்கு மேல் தாங்காது. மை ஊறி ஓரம் தூக்கும், மறைத்த எழுத்து மெல்ல எட்டிப் பார்க்கும்.

"எரநூறுக்கு ஒருக்கா மாத்தி ஒட்டிக்கலாங்க" என்றார் சண்முகவேல். "இந்த சிப்மென்ட் மட்டும் நல்லபடியாப் போகட்டும் ஆரோக்கியம். திங்கக்கிழமையே உங்க லெட்டரையும் முடிச்சுப் போடலாங்க."

முதல் தடவையாக ஒரு கிழமையைச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக ஆரோக்கியராஜ் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூஜை. சண்முகவேல் நெய்கிற வம்சம், அவருடைய தாத்தா தறிக்குப் பொட்டு வைத்தார், இவர் பிரிண்டிங் ஸ்கிரீனுக்கு வைக்கிறார். குளித்து ஈரவேட்டியோடு வந்து, ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் மேல்பாகத்தில் மூன்று விரலால் சந்தனத்தைப் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். கொரிய ஆர்டருக்குத் தனிக் கவனிப்பு. சட்டத்தில் மட்டும் வைக்காமல் வலையிலேயே தாராளமாக அப்பினார். "முருகா, எல்லாம் சொகமாப் போகோணும்" என்றார். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு ஆரோக்கியராஜும் கும்பிட்டான். மாதாவைக் கும்பிடுகிறவன் முருகனைக் கும்பிட்டால் மாதா கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

திங்கட்கிழமை காலை பூஜை பிரித்து வேலை ஆரம்பமானது. காய்ந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு டேப்பை ஒட்டினார்கள். ஒட்டும்போது மேல் ஓரத்தில் கொஞ்சம் வழுக்கியது போலிருந்தது. அவசரத்தில் அழுத்தித் தேய்த்துவிட்டு ஆரம்பித்தான். நூறு சட்டை சுத்தமாக வந்தன. பதினோரு மணிக்குக் கட்டையை ராக்கையாவிடம் கொடுத்தான்.

"கடிதம் வாங்கிட்டு வந்துருதேன். எரநூறு ஆனா டேப்ப மாத்திரு."

முதலாளி அறைக்கு வெளியே நாற்பது நிமிடம் நின்றான். உள்ளே சண்முகவேல் குண்டடத்துக் கட்டட மேஸ்திரியோடு போனில் டைல்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாக இவனைப் பார்த்து, இருங்க இருங்க என்று கையால் சைகை காட்டினார். பேசி முடித்துக் கதவைத் திறந்து, "அட, நீங்க நிக்கறதே மறந்துட்டனுங்க. வக்கீலு கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதலாங்களா?" என்றார்.

ஒரு கால்பந்து அணிக்கு வக்கீல்! ஆரோக்கியராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்தான். மேசைக்குப் போனவன் அப்படியே நின்றான். ராக்கையா ஒழுங்காக எண்ணிக்கொண்டுதான் இருந்தான், நூற்றெழுபது ஆகியிருந்தது, இருநூறு இன்னும் ஆகவில்லை. ஆனால் மாதுளைச் சிவப்பின் மேல் வெளிறிய வெள்ளையாக ஒரு வரி தெரிந்தது. முதல் வரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு, ஹேசோங்.

ஸ்கிரீனைப் புரட்டிப் பார்த்தார்கள். டேப் மற்ற இடமெல்லாம் கல்லாக ஒட்டியிருந்தது. முதலாளி முருகனை நினைத்து அப்பிய மூன்று விரல் அகலத்துக்கு மட்டும், சந்தனம் மிச்சமிருந்த இடத்தில், பிடிக்காமல் தூக்கியிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. முந்தின ஐம்பது அறுபது சட்டைகள் ஏற்கெனவே காய்ந்து மடித்து மற்றவற்றோடு கலந்து பெட்டிக்குப் போயிருந்தன. இரவு ஏழு மணிவரை பிரித்துப் பார்த்து நாற்பத்தாறைக் கண்டுபிடித்தார்கள். மீதி எத்தனை, எந்தப் பெட்டியில் என்று அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம்.

செவ்வாய்க்கிழமை வந்த இன்ஸ்பெக்டரின் பெயர் யூன். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, கையில் அவருடைய சொந்த அளவு நாடா. மூன்றாவது பெட்டியைத் திறந்து நாலாவது சட்டையை விரித்தவர் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். யூன் அந்த மங்கல் வரியை வாய்விட்டு வாசித்தார். பிறகு ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார்.

"இதை அடிச்சது யாருங்கறாரு" என்றாள் கிருத்திகா.

ஆரோக்கியராஜ் முன்னால் போனான். "நாந்தான். வேணும்னு செய்யல. டேப்பு தூக்கிட்டு."

அவள் அதைச் சொன்னாள். யூன் தலையை ஆட்டினார். சட்டையை மேசையில் விரித்து, உள்ளங்கையால் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டே பேசினார். கிருத்திகா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

"அவரு அந்தப் பழைய ஊர்க்காரராமா. எம்பத்தேழுல அந்த வருசம் முழுக்க ஒரே ஒரு மேட்ச்தான் ஜெயிச்சாங்களாம். அன்னைக்கு மழையாம். அந்த மேட்சுக்கு இவரு போயிருந்தாராம். இந்த மூணு நட்சத்திரமும் இவரு பாத்து வாங்குனதுங்கறாரு. இப்பச் சனிக்கெழமையானா என்ன பண்றதுன்னே தெரியலையாம்."

ஆரோக்கியராஜுக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது. நம் ஆள், விட்டுவிடுவார் என்று நினைத்தான். யூன் பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளில் நிராகரிப்பு என்ற கட்டத்தில் குறி போட்டார். எல்லாப் பெட்டியையும் பிரித்து ஒவ்வொரு சட்டையாகப் பார்க்க வேண்டும், நிழல் விழுந்த எல்லாவற்றையும் தன் கண்ணெதிரே வெட்ட வேண்டும். சம்பளம் கொடுக்கிறவன் சொல்கிறான், எனக்கு வேறு வழியில்லை என்றாராம். அதை அவர் சொன்னபோது ஆரோக்கியராஜின் முகத்தைப் பார்க்கவில்லை.

கழித்த சட்டையை யாரும் வெளியே விற்றுவிடாதபடி குறுக்கே வெட்டுவதுதான் வழக்கம். முதல் சட்டையை யூனே எடுத்தார். முதுகுப் பக்கத்தை வெட்டுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் சட்டையின் நெஞ்சில் இரண்டு அடுக்கையும் பிரித்து, முன்பக்கத்தை மட்டும் கத்தரியில் கொடுத்து, மூன்று நட்சத்திரத்தின் வழியாக நேராக வெட்டினார். முதுகிலிருந்த வரியைத் தொடவில்லை. வெட்டிய சட்டையை மடித்து மேசையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். கழிவு மூட்டை கட்டும்போது அந்த முதல் சட்டையைக் காணவில்லை. யாரும் தேடவில்லை.

சரக்கு இரண்டு நாள் தாமதமாக, வெள்ளிக்கிழமை போனது. அடுத்த கப்பலில் இடம் பிடிக்கச் சண்முகவேல் பத்துப் பேரிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று. அப்போதும் அவர் கத்தவில்லை. கத்த வாயைத் திறந்தவரிடம் ராக்கையா டேப்பையும் அதில் ஒட்டியிருந்த சந்தனத்தையும் காட்டினான். சண்முகவேல் அதைப் பார்த்தார், முருகன் படத்தைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

கடிதம் அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வந்தது, பதிவுக்குக் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம். டைப் அடித்து, முத்திரை குத்தி, உறைக்குள் போட்டு மரியாதையாகக் கையில் கொடுத்தார். ஆரோக்கியராஜ் உறையைப் பிரிக்காமல் நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு, படியிறங்கியதும் பிரித்தான். எங்கள் கம்பெனித் தொழிலாளர்கள் சிலர் இவ்வருடம் புதிதாகத் தொடங்கும் கால்பந்து அணிக்கு எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருந்தது. கீழே இன்னொரு வரி. வடிவேல் நிட்ஸ் எஃப்.சி. அணியின் பெயரும் பரிசுகளும் கம்பெனிக்கே உரியவை.

திரும்ப மாடிக்கு ஓடினான்.

"மொதலாளி, புதுசா தொடங்குததுன்னு போட்டிருக்கே. நாங்க தொண்ணூத்தேழுலருந்து ஆடுதோம்லா? மொதக் கோப்பை வாங்கும்போது கம்பெனி பேரே கெடையாதே!"

"அட, அது வக்கீலு எழுதுனதுங்க. பேருல என்னுங்க இருக்குது? வெளையாட்டுதான முக்கியம். நீங்க தாராளமா ஆடுங்க, ஆருங்க வேண்டாங்கறாங்க?" சண்முகவேல் உண்மையான பிரியத்தோடு சிரித்தார். அலமாரி காலியாக இருந்தது. மூன்று கோப்பையையும் செய்தித்தாள் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார்கள், குண்டடம் என்று பேனாவால் எழுதி.

சனிக்கிழமை கமிட்டி மேசையில் உட்கார்ந்திருந்தவர் படிவத்தை நீட்டினார். தொடங்கிய வருடம் என்ற இடத்தில் ஆரோக்கியராஜ் 1997 என்று எழுதினான். அவர் கடிதத்தைப் படித்தார், சிவப்புப் பேனாவால் அதை அடித்தார், 2006 என்று எழுதினார். முன்பு வென்ற கோப்பைகள் என்ற இடத்தில் அவரே ஒரு முட்டை போட்டார். போன வருடம் ஃபைனலில் இவனுக்கு மாலை போட்டவர் அதே ஆள்தான்.

"எனக்குத் தெரியாதா ஆரோக்கியம்? ஆனா பேப்பர்ல இப்பிடி இருக்குதுங்களே. புது டீம்னா தகுதிச் சுற்று ஆடோணுங்க. காலைல ஏழு மணி மேட்ச்."

வெளியே வந்து ஆரோக்கியராஜ் ராக்கையாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். கொரியாவில் நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு ஊரை விட்டார்கள். இங்கே ஊரை மட்டும் இவர்களிடம் விட்டுவிட்டு நட்சத்திரத்தைப் பெட்டியில் கட்டிவிட்டார்கள். எந்தப் பக்கம் உருட்டினாலும் தோற்பது மைதானத்தில் நிற்கிறவன்தான். ஒன்பது வருடத்தை ஒரு சிவப்புப் பேனா இரண்டு நொடியில் அடித்துவிட்டதே என்று அன்று இரவு சோறு இறங்கவில்லை.

தீபாவளி முடிந்து ஆட்கள் திரும்பிய வாரம், சண்முகவேல் பிரிண்டிங் பகுதிக்கே இறங்கி வந்தார். குண்டடம் யூனிட் திறப்பு விழாவுக்கு ஐந்நூறு டி-ஷர்ட் வேண்டும். கிருத்திகா கம்ப்யூட்டரில் போட்ட டிசைனைக் காட்டினார். மாதுளைச் சிவப்பில் மிச்சமிருந்த துணி. நெஞ்சில் வேல் படம். முதுகில் வடிவேல் நிட்ஸ் எஃப்.சி., குண்டடம், அதற்குக் கீழே 1997 முதல்.

"அந்தக் கொரியாக்காரங்க போடற மாதிரி நமக்கும் மூணு நட்சத்திரம் போட்டுருக்கனுங்க. பாருங்க, எத்தனை லட்சணமா இருக்குது!" என்றார். அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. குழந்தைக்குக் காது குத்துகிற சந்தோஷம்தான் இருந்தது.

ராக்கையா கட்டையைக் கீழே வைத்துவிட்டு ஆரோக்கியராஜைப் பார்த்தான், இன்றைக்கு அடிதடிதான் என்று நினைத்திருப்பான். ஆரோக்கியராஜ் டிசைனை இரண்டு முறை படித்தான்.

"நல்லாருக்கு மொதலாளி" என்றான். "ஃபிலிமு நானே போய்ப் போட்டுட்டு வாரேன்."

ஃபிலிம் கடையில் அவன் ஒரு வரி சேர்க்கச் சொன்னான். மறுநாள் ஸ்கிரீன் வந்ததும் ராக்கையா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். குண்டடம் என்ற வரிக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், வேலம்பாளையம் லெவன்ஸ் என்றிருந்தது.

"அண்ணே, இது டிசைன்ல இல்லையே."

"இல்லதான். டேப் ஒட்டி மறச்சிருவோம்."

"ஐந்நூறு பீஸுண்ணே. டேப்பு தாங்காதே."

"தாங்காதுல்லா?" என்றான் ஆரோக்கியராஜ். "நீ போய் அந்தச் சாமி அலமாரிலருந்து சந்தனக் கிண்ணத்த எடுத்துட்டு வா."

ராக்கையா ஒரு கணம் விழித்தான். பிறகு ஆறடி உடம்பும் குலுங்க, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டே ஓடினான்.

ஆரோக்கியராஜ் சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்தான். வேலம்பாளையம் லெவன்ஸ் என்ற எழுத்தின் மேல் மூன்று விரலால், இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை பட்டையாக இழுத்தான். அதே நேரம் சண்முகவேல் அந்தப் பக்கமாக வந்தார்.

"அட, ஆரோக்கியம்! நீங்களே பொட்டு வெச்சுட்டீங்களா? நான் சொல்லோணும்னு வந்தனுங்க. நல்லதுங்க, நல்லதுங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"புது ஸ்கிரீன்லா மொதலாளி" என்றான் ஆரோக்கியராஜ்.

சந்தனத்தின் மேல் டேப்பை வைத்து, வலிக்காமல் தடவிக் கொடுத்தான். ஸ்கிரீனை முதல் சட்டையின் மேல் இறக்கி மையை இழுத்தான். குண்டடம், 1997 முதல், மூன்று நட்சத்திரம், எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி சுத்தமாக விழுந்தது. முதலாளி அதைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டே போனார். ராக்கையா அடுத்த சட்டையை விரித்தான்.

"ஒண்ணு" என்று ஆரோக்கியராஜ் எண்ண ஆரம்பித்தான்.